தேங்காயெண்ணெயில் ஓடிய தோணி

சென்ற வாரம் நாவற்குடாவில் ஜெசிந்தாவின் கடையில் இரண்டு ஒயில் கான்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஜெசிந்தா வாகன உதிரிப்பாகக் கடை நடத்துகிறவள். கணவன் இறந்த பிறகு கடையை மூடிவிடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ கடைக்குப் பக்கத்தில் ஒயில் மாற்றுவதற்கென்று நிலத்தில் ஒரு கிடங்கும் வெட்டி, கூரையும் போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. மருத்துவ மாதுவாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின்புதான் ஓட்டப் பழகினேன். நான் வருவதைக் கண்டால் ஓட்டோக்காரர்கள் தாமாகவே ஓரங்கட்டி வழிவிடுவார்கள். மரியாதை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கான்களிலும் 5W-30 என்றுதான் எழுதியிருந்தது. இரண்டிலும் ‘புல்லி சிந்தற்றிக்’, அதாவது முழுவதும் செயற்கை எண்ணெய் என்ற பெருமையும் இருந்தது. ஆனால் பின்பக்கத்துப் பொடி எழுத்துகள் வேறு வேறு கதை சொல்லின. கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டும் ஒண்டுதான் மிஸ்ஸி. கார் ஓடும்,” என்றாள் ஜெசிந்தா. தாதியையும் மருத்துவ மாதுவையும் எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பெயர் ஓய்வு பெறுவதில்லை.

“ஒண்டெண்டா ஏன் ரெண்டு விதமா எழுதியிரிக்கு?”

“நீங்க காருக்கு ஊத்தக் கேக்கிறீங்களா, சோதினைக்குப் படிக்கிறீங்களா?”

சோதனைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் போனில் பாட்டுக் கேட்கும் நேரத்தில் நான் எஞ்சின் ஒயிலைப் பற்றிப் படிக்கிறேன். ஏன் இந்தப் பைத்தியம் என்று உங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன், ஆனால் முதலில் கொஞ்சம் ஒயிலைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த W குளிர்காலத்தைக் குறிக்கிறது என்று அறிந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டக்களப்பில் எது குளிர்காலம்? ஆனாலும் விஷயம் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஒயில் கீழே வடிந்து கிடக்கும். காலையில் சாவியைத் திருகியவுடன் அது மேலே ஏறும்வரை இரும்பும் இரும்பும் ஈரமில்லாமல் உரசும். எஞ்சின் அதிகம் தேய்வது அந்தச் சிறு நேரத்தில்தானாம். முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால், குளிர்ந்து கிடக்கும்போதும் ஒயில் இளகி ஓடும். பின்னால் உள்ள எண், சூடேறிய பிறகும் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

அதைவிடப் பெரிய சங்கதி அடிப்படை எண்ணெய். கானில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான். மற்றவை அழுக்கைக் கழுவவும் தேய்வைத் தடுக்கவும் சேர்க்கும் மருந்துகள். அடிப்படை எண்ணெயை ஐந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் மூன்றும் நிலத்தடி எண்ணெயிலிருந்து வருபவை. வயல்வட்டையில் அறுத்த நெல்லைத் தூற்றிப் பதர் போக்குவதுபோல ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிகமாகச் சுத்தமாக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பை அவ்வளவு வேலை செய்து மாற்றிவிடுவதால் பல நாடுகளில் அதையும் செயற்கை என்று எழுதி விற்கலாம். நான்காம் வகுப்பில் தூற்றுகிற வேலையே இல்லை. சின்னத் துணுக்குகளைக் கோத்து, எல்லா மணியும் ஒரே அளவாக இருக்கும்படி ஆலையில் செய்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு, இவை எதிலும் சேராத மற்ற எல்லாவற்றுக்கும் உரியது. எஸ்டர் என்னும் எண்ணெய் வகை அதற்குள் வரும்.

என் வலது கையில் இருந்தது மூன்றாம் வகுப்பு. இடது கையில் இருந்ததில் நான்காம் வகுப்போடு கொஞ்சம் எஸ்டரும் சேர்ந்திருந்தது. எஸ்டர் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, நின்ற எஞ்சினிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று போட்டிருந்தார்கள். தேங்காயெண்ணெயும் இயற்கையில் எஸ்டர்தான். இதைப் படித்த நாளிலிருந்துதான் என் பைத்தியம் முற்றியது. அப்படிப் பார்த்தால் சாமித்தம்பி அண்ணன் தன் தோணிக்கு ஐந்தாம் வகுப்பு ஒயில் ஊற்றினார். பாவம், அவருக்கு அது தெரியாது.

சாமித்தம்பி அண்ணன் படுவான்கரையில் மெசின் தோணி ஓட்டியவர். எங்கள் வாவிக்கு, நாங்கள் ஆறு என்றும் சொல்வோம், இரண்டு கரை. கடல் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. என் வீடு எழுவான்கரையில் செட்டிபாளையத்தில். முதல் நியமனம் நேர் எதிரே அக்கரையில் ஒரு சின்னக் கிராமத்துக்கு. கிழமை நாட்களில் அங்கே கிளினிக்கை ஒட்டிய அறையில் தங்குவேன். சனிக்கிழமை அவர் தோணியில் வீட்டுக்கு வருவேன். துறையை ஒட்டியே அவருடைய வீடு. மனைவி பூமணியக்கா எனக்குச் சோறு தந்து வளர்த்தவள் என்றே சொல்லலாம். அந்த வயதில் எனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும், சோறு வடிக்கத் தெரியாது.

போர்க்காலம் அது. அக்கரைக்கு எஞ்சின் ஒயில் கொண்டு போகத் தடை இருந்தது. சோதனைச் சாவடியில் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் அளந்து கிடைக்கும், ஒயில் துளியும் கிடைக்காது. சாமித்தம்பி அண்ணனின் எஞ்சினுக்கோ ஒயிலை மண்ணெண்ணெயோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். அதுவும் சேர்ந்து எரிந்துகொண்டே உள்ளே வழுவழுப்பைக் கொடுக்கும். முதலில் உழவு மெசினில் வடித்த கறுப்பு ஒயிலைத் துணியில் வடிகட்டிப் பார்த்தார். அது தீர்ந்த பிறகு வேறு வழியில்லாமல் தேங்காயெண்ணெய்.

தோணி புறப்பட்டால் துறை முழுக்கப் பலகாரம் சுடுகிற வாசம். நான் மிகைப்படுத்தவில்லை. சட்டியில் முறுக்கு வேகும்போது எழுமே, அதே மணம். அடியில் கொஞ்சம் கருகல். அந்த நாட்களில் பலகாரம் சுட யாரிடமும் எண்ணெய் இருக்கவில்லை. பசியோடு தோணிக்குக் காத்திருப்பவர்கள் அந்தப் புகையை மூச்சில் இழுத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தோணி எழுவான்கரையிலிருந்து திரும்பும்போது சத்தம் கேட்கும் முன்பே மணம் வந்துவிடும்.

“தலைக்கு வைக்க எனக்கு எண்ணெய் இல்ல. எஞ்சினுக்குத் தேச்சு முழுக வாக்கிறார்,” என்று பூமணியக்கா என்னிடம் குறை சொல்வாள்.

“எஞ்சின் படுத்தா ஆர் ஒனக்கு அரிசி கொண்டு வாற?” என்பார் அவர்.

சண்டை அவ்வளவுதான். பிறகு அவளே எண்ணெய்ப் போத்தலை அடுப்படியில் கொண்டுபோய் வைப்பாள். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். அடுப்பின் ஓரத்தில் இருந்தால் உருகி நிற்கும். எஞ்சினில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எண்ணெய் எரிந்து எரிந்து பிசினாகப் படியும். ஓய்வான நேரமெல்லாம் அவர் பிளக்கைக் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

ஒரு தை மாதம் யோகம் என்ற பெண்ணுக்கு விடியும் தறுவாயில் வீட்டிலேயே குழந்தை பிறந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆண்பிள்ளை, நல்ல அழுகை. ஆனால் பின்னால் வர வேண்டிய இளங்கொடி வரவில்லை. இரத்தம் நிற்காமல் போனது. என் பெட்டியில் இருந்த மருந்தால் ஆன மட்டும் செய்து பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிதான் என்று துறைக்கு ஆளனுப்பினேன். பாயோடு அவளைத் தூக்கி வந்து தோணியில் கிடத்தினோம். குழந்தையை யோகத்தின் மாமி வைத்திருந்தாள். அவள் கையில் சூடு ஆறாத ஒரு சுடுதண்ணிப் போத்தலும் இருந்தது. அதற்குள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கவென்று போட்ட மல்லிக் கோப்பி. ஏன் அதையும் தூக்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பூமணியக்கா இன்னும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. சாமித்தம்பி அண்ணன் அவசரத்தில் உறைந்த எண்ணெயை அப்படியே குச்சியால் கிண்டித் எரிபொருள் தாங்கிக்குள் விட்டார். தோணி புறப்பட்டது. எதிர்க்காற்று. ஊசித் தூற்றல். நடு ஆற்றுக்கு வந்ததும் எஞ்சின் விக்கியது, மறுபடி விக்கியது, நின்றுவிட்டது.

வாவியில் எஞ்சின் நின்ற அமைதி உங்களுக்குத் தெரியுமா? அலை பலகையில் தட்டுவது மட்டும்தான். யோகத்தின் கை என் கைக்குள் ஈரமாகக் குளிர்ந்துகொண்டு வந்தது. நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி நாடியை எண்ணினேன். சாமித்தம்பி அண்ணன் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சித் துப்பினார். கயிற்றை இழுத்தார். இல்லை. மறுபடி உறிஞ்சினார்.

“எண்ணெய் உறைஞ்சு அடைச்சிட்டு மிஸ்ஸி. சூடு வேணும்.”

அந்த நடு ஆற்றில் சூட்டுக்கு எங்கே போவது? அப்போது மாமி குழந்தையை என் மடியில் வைத்தாள். போத்தலைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த கோப்பியை அந்தக் குழாயின் மேல் மெல்ல மெல்ல ஊற்றினாள். கைக்குழந்தைக்குத் தலையில் தண்ணீர் வார்ப்பதுபோல அவ்வளவு பக்குவமாக. அவர் குழாயை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். கை வெந்திருக்கும். கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இழுத்ததும் ஓடத் தொடங்கியது. எங்கள் எல்லாரையும் அந்தப் பலகார மணம் வந்து மூடிக்கொண்டது. மாமி அப்போதுதான் அழுதாள்.

செட்டிபாளையத்துக் கரையில் காவலுக்கு நின்றவர்கள் இரத்தத்தைக் கண்டதும் மறிக்கவில்லை. ஒரு வான் கிடைத்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். சாமித்தம்பி அண்ணன் குந்தியிருந்து சிரட்டையால் தண்ணீர் அள்ளித் தோணியின் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் வாங்களன் அண்ணன், கைக்கு மருந்து போட வேணும்,” என்றேன்.

“நீங்க கெதியாப் போங்க மிஸ்ஸி. நான் இதக் கழுவிப் போட்டு வீட்ட போறன். பூமணி பாத்துக்கொண்டு நிப்பாள்.”

யோகம் பிழைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது டிப்பர் லொறி ஓட்டுகிறான். என்னைக் கண்டால் ஹோன் அடித்துவிட்டுப் போவான்.

சாமித்தம்பி அண்ணன் வீடு போய்ச் சேரவில்லை. எழுவான்கரையிலிருந்து தோணி புறப்பட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அக்கரையில் வந்து சேர்ந்ததைக் கண்டவர் எவரும் இல்லை. சில நாள் கழித்துத் தெற்கே தண்ணீரில் நிற்கும் கண்ணாமரப் பற்றைக்குள் தோணி சொருகிக் கிடந்தது. எஞ்சின் இருந்தது. அவருடைய எண்ணெய்ப் போத்தல் மூடியோடு இருந்தது. அவர் இல்லை. தண்ணீர் கொண்டுபோனதா, மனிதர் கொண்டுபோனார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்க எத்தனையோ வாசல்கள் இருந்தன. பூமணியக்காவோடு அத்தனையிலும் ஏறி இறங்கினேன். ஒரு வாசலில் தலையை ஆட்டினார்கள், ஒரு வாசலில் அதுவும் இல்லை.

அதற்குப் பின் ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் தயக்கமாக இருக்கிறது. நான் அறிவியல் படித்து வேலைக்கு வந்தவள். பூமணியக்கா வீட்டு வாசலில் இருவரும் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வாடைக்காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. திடீரென்று அவள் கை நின்றது. என் கையும் நின்றது. தேங்காயெண்ணெய் எரிகிற மணம். கருகலும் சேர்ந்த அதே மணம். ஊரில் எவர் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாத நாட்கள். வேறு எஞ்சினும் ஆற்றில் ஓடவில்லை.

“வாறார் மிஸ்ஸி,” என்றாள்.

நான் எழுந்து துறைக்கு ஓடினேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. சத்தம் வரும் என்று நின்றேன். வரவில்லை. மணம் கொஞ்ச நேரம் முகத்தைச் சுற்றி நின்றுவிட்டுப் போய்விட்டது. திரும்பி வந்தபோது பூமணியக்கா உலையில் இன்னொரு சுண்டு அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அந்தச் சோற்றில் என்னால் ஒரு வாய் உண்ண முடியவில்லை.

அவள் பொட்டை அழிக்கவில்லை. தோணியை இழுத்து வந்து கரையில் கவிழ்த்துவிட்டு, எஞ்சினை வீட்டுக்குள் ஒரு மரக்கட்டையில் நிறுத்தி வைத்தாள். அடிக்கடி பிளக்கைக் கழற்றித் துளையில் தேங்காயெண்ணெய் சில சொட்டு விட்டுக் கயிற்றை இழுப்பாள். உள்ளே இறுகிப் போகாமல் இருக்க அவர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். “வந்தா ஓட்ட வேணுமே,” என்பாள். வருடக்கணக்காக இழுத்தாள். நான் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன், திருமணம் செய்தேன், பிள்ளைகள் பெற்றேன். எப்போது போனாலும் அந்தக் கயிற்றின் சர்ரென்ற சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்த பிறகு இந்த மாதிரி எஞ்சினுக்கென்றே விற்கிற நல்ல ஒயில் ஒரு கான் வாங்கிக்கொண்டு போனேன். பிசின் பிடிக்காது, புகையும் குறைவு என்று கானில் எழுதியிருந்ததைப் படித்தும் காட்டினேன். அவள் மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“இதில மணமே இல்லையே மிஸ்ஸி.”

“அதுதான் நல்லது அக்கா. சுத்தமான ஒயில்.”

“இத ஊத்தி வந்தா, அவர் வாற எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

மூடியைத் திருகி என்னிடமே தந்துவிட்டாள்.

தேங்காயெண்ணெயின் குணம் உங்களுக்குச் சொன்னேனே. உலோகத்தை விடாமல் பிடிப்பதில் கெட்டிதான். ஆனால் காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டியாகி, கடைசியில் வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். செயற்கை எண்ணெய்க்காரர்கள் எஸ்டரை அப்படி ஆகாதபடி திருத்தி அமைக்கிறார்கள். பூமணியக்காவின் எண்ணெய் திருந்தாதது. ஒருநாள் எனக்கு ஆளனுப்பினாள். மெக்கானிக்குக்கு அல்ல, எனக்கு.

“எஞ்சின் மூச்சு விடுதில்ல மிஸ்ஸி.”

இருவரும் சேர்ந்து இழுத்தும் கயிறு அசையவில்லை. நான் செட்டிபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவர் மேல்பாகத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தேன் நிறத்தில் பிசின் திரண்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்திருந்தது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். பூமணியக்கா குனிந்து ஒருமுறை பார்த்தாள். “உடைக்க வேணாம் மனே. மூடிப் போடுங்க,” என்றாள்.

மெக்கானிக் போன பிறகு கிணற்றடிக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. “இனி அவர் வந்தாலும் ஓட்ட ஏலா,” என்று மட்டும் சொன்னாள். அத்தனை வருடத்தில் அன்றுதான் அவள் என் தோளில் சாய்ந்து அழுதது. எத்தனையோ பெண்களின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த அழுகைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சக் காலத்தில், கட்டிக்கொடுத்திருந்த மகளோடு கரடியனாற்றுக்குப் போய்விட்டாள். வாவிக் காற்று எட்டாத இடம். அங்கேயே இறந்தாள். எஞ்சின் எந்த இரும்புக் கடைக்குப் போனது என்று மகளுக்கும் நினைவில்லை.

இப்போது அக்கரைக்குப் பாலம் வழியாகக் காரில் போகிறேன். ஒரு பாட்டு முடிவதற்குள் கரை மாறிவிடுகிறது. துறை இருந்த இடத்தில் நாணல் மண்டிக் கிடக்கிறது. முன்பெல்லாம் தோணி எதிர்க்கரையில் நின்றால், இந்தக் கரையில் வந்தவர்கள் கைகளை வாயருகே குவித்து நீளமாகக் குரல் கொடுப்பார்கள். தண்ணீருக்கு மேலால் அக்குரல் போய்ச் சேரும். அங்கிருந்து சாமித்தம்பி அண்ணன் பதிலுக்குக் குரல் கொடுப்பார். போன மாதம் பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், சுற்றிலும் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் அப்படி ஒருமுறை கூப்பிட்டேன். வயதான குரல், பாதி ஆற்றுக்குக்கூடப் போயிராது.

மேலே வீதியில் போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பதறிப்போய் நிறுத்தினார்.

“என்னம்மா, தண்ணிக்க ஆரும் விழுந்திட்டாங்களா?”

“இல்ல மனே. தோணியக் கூப்பிட்டன்.”

அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலியில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இதால தோணி ஓடினதா?”